ஏழு மாதம் தள்ளிக் கொடுத்தேன், அண்ணா

என் பாலு அண்ணாவுக்கு,

நீ போய் ஐந்து வருடம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பாதியைத்தான் பேசியிருக்கிறேன். மீதியைச் சொல்ல வரும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். எழுதினாலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. அரியலூரை மறுபடியும் தனி மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். நீ ரத்தம் ஏற்றிக்கொள்ளத் திருச்சிக்கு அலைந்த நாட்களில் கலைத்தார்களே, அதையேதான். பெரம்பலூரில் நீ மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிய கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அம்மா செட்டிகுளத்தில்தான் இருக்கிறாள். வெங்காயம் அறுக்கக் கூலிக்குப் போகாதே என்றால் கேட்பதில்லை. "சும்மா வூட்டுல ஒக்காந்தா அவன் நெனப்பு வந்துடுதுடி" என்கிறாள். அதற்குமேல் என்ன சொல்வது?

அந்த ஐப்பசியில் உன் கையிலும் தொடையிலும் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. மோட்டாரைத் தூக்கும்போது இடித்துக்கொண்டதாகச் சொன்னாய். பிறகு பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. திருச்சியில் பார்த்துவிட்டு, சென்னைக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். நீ, நான், அம்மா மூன்று பேரும் அரியலூரில் ரயில் ஏறினோம்.

சென்னை ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு இருக்கும்மா. அதுல இருக்கிற ஸ்டெம் செல்லுலேருந்துதான் ரத்தம் பூரா பிறக்குது. உங்க பையனுக்கு அது அழிஞ்சு போச்சு. கூடப் பிறந்தவங்களோடது பொருந்தினா எடுத்து ஏத்தலாம்." எனக்குப் பரிசோதனை செய்தார்கள். முழுசாகப் பொருந்தியது. நீ சிரித்தாய். "சின்னதுல என் தட்டுல கை வச்சவதானே நீ. இப்ப நான் உங்கிட்ட கேக்குறேன் பாரு."

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அதுவரை உயிரைப் பிடித்துவைக்க ரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் ஏற்ற ஏற்ற, அடுத்தவருடைய செல்லைத் தள்ளிவிட உடம்பு பழகிக்கொள்ளும். "அதனால தள்ளிப் போடாதீங்க. சீக்கிரம் வாங்க." மூன்று பேரும்தான் கேட்டோம், இல்லையா?

தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திரும்பி வரும்போது ரயிலில் நீ கண்ணயர்ந்திருந்தாய். அம்மா என் காதருகே வந்து, "கல்யாணம் முடியட்டும் சுமதி. எலும்புலேருந்து எடுத்த பொண்ணுன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ கண்ணைத் திறக்காமலே, "முடியட்டும்மா, மூணு மாசந்தானே" என்றாய். தூங்கவில்லை நீ. அது சம்மதமா, இல்லை வேறு எதையும் எங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டாயா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கல்யாணம் முடிந்தது. மாசியில் என் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. "இன்னும் ஒரு புள்ள பெக்கலையேம்மா நீ. எலும்புல கைய வச்சா நாளைக்கு வயித்துல தங்குமா? அதை யாரு பொறுப்பு எடுத்துக்குவா?" என்று மட்டும் கேட்டார். உங்க மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா ஒன்றும் ஆகாது என்று சொன்னதை நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் பயம் இருந்தது அண்ணா. அவர் கேட்டதையே நானும் எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தடுத்தது அவர் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பங்குனியில் என்னைப் பார்க்க நீ செந்துறைக்கு வந்தாய். வெயில் கொளுத்தியது, நீ முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய். சாப்பிட்டுக் கை கழுவச் சட்டைக்கையை மடித்தபோதுதான் ஊசி குத்திய தடமெல்லாம் தெரிந்தது. பஸ் ஏறும்போது, "உனக்கு முடியலன்னா விட்டுடு சுமதி. நான் ரத்தம் ஏத்திக்கிட்டே ஓட்டிடுவேன்" என்றாய். பஸ் கிளம்பும்வரை நான் பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தை போதும். என்ன வந்தது எனக்கு?

வைகாசியில் பக்கத்துக் கடைக்கு போன் வந்தது. உனக்கு மூக்கில் வழிந்த ரத்தம் நிற்கவில்லை, சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று. நான் ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு, "நான் போறேங்க" என்றேன். உங்க மாப்பிள்ளை எழுந்து சட்டையை மாட்டினார். பிறகு பையை வாங்கிக்கொண்டு அரியலூர் ஸ்டேஷன்வரை வந்தார். "நீ போயிட்டு வா. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அவர் பேசியிருப்பார், நான் முன்னாலேயே கேட்டிருந்தால்.

மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி போட்டு எடுத்தார்கள். கண் விழித்தபோது அந்த இடத்தில் ஒரு கனத்த வலி. மறுநாள் நடந்தேன். மூன்றாம் நாள் மாடி ஏறினேன். ஏழு மாதம் பயந்தது இவ்வளவுதான்.

உன்னைக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். வெளியே இருந்து போனில்தான் பேச வேண்டும். "வலிக்குதா?" என்று என்னைக் கேட்டாய். உன் தலையில் ஒரு முடி இல்லை, வாயெல்லாம் புண், நீ என்னைக் கேட்கிறாய். பதினாறாம் நாள் உன் வெள்ளை அணு ஏறத் தொடங்கியது. நர்ஸ் சொன்னதும் அம்மா வராந்தாவிலேயே விழுந்து கும்பிட்டாள். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாய்.

ஆறே நாள். பிறகு இறங்க ஆரம்பித்தது. "பிடிச்ச மாதிரிதாம்மா இருந்துச்சு. உடம்பு தள்ளிடுச்சு" என்றார் டாக்டரம்மா. அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் காலையில் நீ போய்விட்டாய்.

நான் டாக்டரம்மாவின் அறைக்குப் போய்க் கேட்டேன். "ஐப்பசியிலேயே குடுத்திருந்தா பொழச்சிருப்பாரா?" அவர் உன் ஃபைலைப் புரட்டினார். எத்தனை முறை ரத்தம் ஏறியது என்ற பக்கத்தில் விரலை வைத்துப் படித்தார். "அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா. சீக்கிரம் செஞ்சும் தள்ளியிருக்கலாம்" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம், என் முகத்தைப் பார்த்துச் சொன்னதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

அதற்குப் பிறகு பேப்பரில் ஸ்டெம் செல் என்று எங்கே பார்த்தாலும் வெட்டி எடுத்து வைக்கிறேன். இதயத்துக்கு, முதுகெலும்புக்கு, கண்ணுக்கு என்று என்னென்னவோ எழுதுகிறார்கள். முதுமையைக்கூடத் தள்ளிப்போடலாம் என்று ஆராய்கிறார்களாம். நீ முப்பதையே பார்க்கவில்லை. முதுமையைப் பற்றி உன்னிடம் என்ன பேசுவது?

ஒன்றை மட்டும் பலமுறை படித்தேன். செல்கள் தங்களிடமிருந்து கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடிப் பைகளை வெளியே அனுப்புமாம். குப்பையைக் கழிக்கின்றன என்றுதான் முதலில் நினைத்தார்களாம். இப்போது, அவை பக்கத்துச் செல்லுக்குச் சேதி கொண்டுபோகின்றனவோ என்று பார்க்கிறார்களாம். எனக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. ஆனால் அந்தத் துண்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். என் செல்கள் உன் உடம்புக்குள் அத்தனை நாள் இருந்தனவே. நான் பஸ் ஸ்டாண்டில் சொல்லாததை அவையாவது சொல்லியிருக்குமா?

உனக்கு ஒரு மருமகள் பிறந்திருக்கிறாள். மூன்று வயது. பெயர் பாலாமணி. எந்தச் சிக்கலும் இல்லாமல் சுமந்தேன், பெற்றேன். பிரசவ ஆஸ்பத்திரியில் ஒருவர் வந்து, தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் இருக்கிறது, எடுத்துச் சேமித்து வைக்கலாம் என்று நோட்டீஸ் கொடுத்தார். என் மாமியார் அதை முழுதாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குழந்தைக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி இல்லாமல் அவள் அப்பா மடியில்தான் உட்கார வைத்தோம்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

போன மாதம் திருமழபாடியிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகளும் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மகள் பெயர் தேன்மொழி. அவளுடைய அக்காவுக்கு உனக்கு வந்த அதே நோய். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். தேன்மொழியின் மஜ்ஜை பொருந்திவிட்டது. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் என்று நிச்சயமும் ஆகியிருக்கிறது.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க ஒடம்புக்கு ஒண்ணும் ஆவலீங்களே?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து பாலாமணி ஓடிவந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணும் ஆகலீங்க. இவ என் பொண்ணுதான்" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

தேன்மொழிதான் கேட்டாள். "அண்ணன் இப்ப எப்படி இருக்காங்கக்கா?"

அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வேன்.

"இல்லம்மா, இறந்துட்டாரு. சீக்கிரம் குடுங்கன்னாங்க. நான் ஏழு மாசம் தள்ளிட்டேன். கல்யாணம் ஆவணும்னு தள்ளினேன், அப்புறம் பயந்துக்கிட்டு தள்ளினேன். அதனாலதான் போனாருன்னு யாரும் சொல்லல. இல்லைன்னும் யாரும் சொல்லல. நீ தள்ளாத" என்றேன்.

அடுப்படி வாசலில் மாமியார் நின்றிருந்தார். கூடத்தில் உங்க மாப்பிள்ளை இருந்தார். அவர்கள் முன்னால் நான் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தேன்மொழி அழவில்லை. அப்பாவைப் பார்த்து, "கல்யாணம் நின்னா நிக்கட்டும்ப்பா" என்றாள். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போன பிறகு மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எல்லாத்தையும் உன் மேலயே போட்டுக்கிட்டியேம்மா. எம் பேரையும் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். கையை என் பக்கமாக நீட்டினார். அதைப் பிடித்துக்கொள்ள எனக்கு மனம் வந்தது, ஆனால் பிடிக்கவில்லை. அது தப்பா அண்ணா?

நான் சொன்னது தேன்மொழிக்காகவா, என் பாரத்தை இறக்கி வைக்கவா? பயமாகவும் இருக்கிறது. அவள் உடனே கொடுத்தும், அவளுடைய அக்கா பிழைக்காமல் போனால்?

வருகிற திங்கட்கிழமை தேன்மொழியைச் சென்னையில் சேர்க்கிறார்கள். "நீங்க கூட இருப்பீங்களாக்கா?" என்று போன் செய்தாள். நீ போன பிறகு அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் நான் காலே வைத்ததில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன். அவளுடைய அக்காவுக்கு அணு ஏறினாலும் இருப்பேன், இறங்கினாலும் இருப்பேன். அவள் ஏதாவது கேட்டால், இந்தமுறை பதில் சொல்லாமல் நிற்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
சுமதி