ஆட்டின் சொந்தக்காரர்

அன்புள்ள புரொபசர் அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் உன் அப்பாவும்தான். படிக்கப் போன இடத்தில் குளிர் உன்னை அதிகம் படுத்தாமல் இருக்கிறதா என்று கேட்க இந்தக் கடிதத்தில் பாதி. மீதிப் பாதி அந்த ஆட்டைப் பற்றி.

போனில் நீ விளக்கிக்கொண்டே போகிறாய், நான் 'ம்' கொட்டிக்கொண்டே இருக்கிறேன், வைத்த பிறகு தலையில் ஒன்றும் நிற்பதில்லை. "சந்தேகத்தையெல்லாம் எழுதிக் கேளுங்க" என்றாய். கேட்டுவிட்டேன், பிறகு அலுத்துக்கொள்ளக் கூடாது.

நான் புரிந்துகொண்டது சரிதானா, பார். பழைய சீனத்தில் ஒருவன் அடுத்தவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் மகனே போய்ச் சாட்சி சொன்னான். இது நேர்மையா, இல்லையா என்று தகராறு. பெற்றவனிடத்தில் பாசம் இல்லாதவன் நாட்டிடம் மட்டும் எப்படி விசுவாசமாக இருப்பான், மகன் மறைப்பதுதான் முறை என்று ஒரு கட்சி. ஒவ்வொரு மகனும் அவனவன் அப்பனை மறைத்தால் சட்டம் என்று ஒன்று எதற்கு என்று இன்னொரு கட்சி. இதற்காக இன்றைக்குப் பல தேசத்திலிருந்து ஆட்கள் விமானம் ஏறி வந்து, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டை மறந்து சண்டை போடுகிறீர்கள். உங்களில் ஒருவர் வக்கீல், ஒருவர் முன்னாள் ராணுவக்காரர் என்றாய். என்னைத் தப்பாக நினைக்காதே, ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய ஆடு!

ஆனால் சனியன், அது என்னை விடமாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு வந்த ஒருவர் தோளைத் தூக்கிப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஆடு வந்து நிற்கிறது. அந்தத் திருடன் மந்திரியாக இருந்தால்? மகன் மறைப்பதும் பாசம்தானா? அப்படி மறைத்து மறைத்துத்தானே பல நாடுகள் குடும்பச் சொத்து மாதிரி ஆகிவிட்டன? அதே சமயம், பிள்ளைகளைப் பெற்றோர்மேல் உளவு சொல்ல வைத்த அரசாங்கங்களையும் பார்த்தாயிற்று. அந்தச் சீனத்துக் கிழவர்கள் இந்த இரண்டையும் யோசித்தார்களா?

ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமாவிடம் கேட்டேன். முப்பது வருஷம் கோர்ட்டில் சாட்சிகளின் பெயரைக் கூப்பிட்ட மனிதர் அல்லவா, சட்டென்று சொல்லிவிட்டார்: "இதுல யோசிக்க என்ன இருக்கு? பையன் கூண்டுல ஏறணும். அப்பனாம், ஆட்டுக்குட்டியாம்!" சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார். உன் கட்டுரையில் இதையும் ஒரு மேற்கோளாகப் போட்டுக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். காதை மூடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
மாணவனாகிப்போன உன் வீட்டுக்காரன்

*

என் அன்பானவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தேன். எல்லோரிடமும் ஒரே அளவு அக்கறை காட்ட வேண்டும் என்று சொன்ன மூன்றாவது கட்சி ஒன்றும் அந்தக் காலத்திலேயே இருந்தது என்று எழுதியிருந்தாயே, அது எனக்குப் புதிது. தன் அப்பனும் அடுத்தவன் அப்பனும் ஒன்று என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த வீட்டில் செல்லுபடியாகும் என்றுதான் தெரியவில்லை.

வேலையில் புதிதாக ஒரு பேஷண்ட். சாவி வெட்டும் கடை வைத்திருக்கும் அம்மா, என் அக்கா வயது இருக்கும். தொடை எலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். முட்டி கட்டையாக இறுகிவிட்டது. நான் மடக்க மடக்க வலியில் என்னைத் திட்டுவார், திட்டிய கையோடு மன்னிப்பும் கேட்பார். கடையைச் சாத்திவிட்டுத் தெருவைக் கடக்கும்போது ஒரு ஸ்கூட்டர் இடித்துவிட்டதாம். "வயசானவர் தம்பி. நின்னாரு. திரும்பி என் முகத்தைப் பார்த்தாரு. அப்புறம் போயிட்டாரு. இடிச்சதுகூடப் பெருசில்ல, அந்தப் பார்த்தது இருக்கே…" என்று நிறுத்திவிட்டார். வண்டி நீலம், ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து அங்கேயே விழுந்ததாம்.

மாமா நலம். முன்னைப் போல் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுவதில்லை. நடப்பது உடம்புக்கு நல்லது என்கிறார். வண்டியை உறை போட்டு மூடி, படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். நாய் குறுக்கே வந்து ஒரு தடவை சறுக்கிவிட்டதாம், அதிலிருந்து ஓட்டப் பிடிக்கவில்லையாம். கவலைப்படாதே, அவருக்கு ஒரு கீறலும் இல்லை. சாப்பாடுதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இப்போது என் சந்தேகம். உங்கள் தகராறு முழுக்க அப்பனையும் மகனையும் பற்றியே இருக்கிறது. மருமகன் என்றால் கணக்கில் உண்டா? அவன் சட்டத்தின் பக்கமா, வீட்டின் பக்கமா? சும்மா ஒரு வாதத்துக்குத்தான் கேட்கிறேன். பழைய உரைகாரர்கள் யாராவது சொல்லியிருந்தால் சீக்கிரம் எழுது.

இன்னொன்று. மறைப்பது முறை என்கிறவர்கள், மறைத்த பிறகு அந்த மகன் என்ன செய்ய வேண்டும் என்று ஏதாவது சொன்னார்களா? காலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டும் அல்லவா, அவனும்? யார் முகத்தையாவது பார்க்க வேண்டும் அல்லவா?

உன் பதிலுக்காக,
உன் வீட்டுக்காரன்

*

என் கண்ணே,

"மருமகனும் மகன்தான், ஆனால் எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று ஒற்றை வரியை மட்டும் தனிப் பத்தியாக எழுதியிருந்தாய். மோப்பம் பிடித்துவிட்டாய். இனி சுற்றி வளைக்கவில்லை. சாவிக்கடை அம்மாவை இடித்தது உன் அப்பாதான். பதறாமல் படி. அவருக்கும் ஒன்றும் இல்லை, அந்த அம்மாவும் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த அம்மா சொன்ன அன்று வீட்டுக்கு வந்ததும் உறையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி இல்லை. மறுபடியும் மூடிவிட்டேன். நேராகப் போய்க் கேட்டால் மனிதர் உடைந்துவிடுவார், போலீசுக்குச் சொன்னால் நீ உடைந்துவிடுவாய், சும்மா இருந்தாலோ, தினமும் அந்த முட்டியைப் பிடிக்கிற என் கையே பொய் சொல்கிறது. தெரிந்தே அந்த அம்மாவுக்கு வைத்தியம் செய்தேன் என்பது எனக்கே அருவருப்பாக இருந்தது.

உன் பதிலில் என் இரண்டாவது கேள்விக்கு எழுதியிருந்ததுதான் வழிகாட்டியது. மறைப்பதோடு மகன் வேலை முடிவதில்லை, பெற்றவரிடம் மெல்ல எடுத்துச் சொல்ல வேண்டும், அவர் கேட்கவில்லையென்றால் மரியாதை குறையாமல் மறுபடியும் சொல்ல வேண்டும் என்று அதே கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள் என்றாய். எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ராத்திரி சாப்பிடும்போது, யாரையும் குற்றம் சொல்லாமல், சாவிக்கடை அம்மாவின் சேதியை மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். இன்றைக்கு முட்டி கொஞ்சம் மடங்கியது. இன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு அழுதுவிட்டார், கடை மூடியே கிடக்கிறதாம். மாமா தட்டைப் பார்த்தபடியே கேட்பார். எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

எத்தனையோ நாள் இப்படிப் போனது. ஒரு ராத்திரி நான் எதுவும் சொல்லவில்லை, எனக்கே அலுத்துவிட்டது. அவர்தான் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "இன்னும் வலிக்குதாமா அந்தம்மாவுக்கு?"

வலிக்குது மாமா என்றேன். அவர் உட்கார்ந்தே இருந்தார். அப்புறம் சொன்னார்: "சாட்சிக்குப் பேர் கூப்பிடுறப்போ சிலர் வராம வாசல்லயே நிப்பாங்க மாப்பிள்ளை. கோழைப் பசங்கன்னு நினைச்சுக்குவேன். கால் வராதுன்னு அப்போ தெரியல."

மறுநாள் காலையில் கோர்ட்டுக்குப் போகிற மாதிரி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார். முதலில் போலீஸ் ஸ்டேஷன். நடந்ததை அவரே எழுதிக் கொடுத்தார். லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள், வழக்கு பதிவாகியிருக்கிறது. வயதைப் பார்த்து, கூப்பிடும்போது வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரி.

அந்த அம்மா கம்பிகளுக்கு நடுவே, பெரிய கண்ணாடியைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். கண்ணாடியிலேயே மாமாவை அடையாளம் கண்டுகொண்டார். மாமா கை கூப்பினார். அவர் என் மாமனார் என்று நான்தான் சொன்னேன். அந்த அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாமாவிடம் சொன்னார்:

"அன்னைக்குப் போகாம நின்னிருந்தா சும்மா விட்டிருப்பேன்னு நினைக்காதீங்க. அன்னைக்கும் நல்லாத் திட்டியிருப்பேன். ஆனா ரோட்டுல தனியா கிடந்திருக்க மாட்டேன்ல?"

அவ்வளவுதான். மாமா அழுதார். அந்த அம்மா அழவில்லை. எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார், மறைக்காமல் சொன்னேன். மறுநாள் முதல் வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டார். இப்போது என் சக ஊழியரிடம், அறையின் அந்தக் கோடியில் நடக்கிறார். என்னைப் பார்த்தால் தலையசைப்பதில்லை. அது நியாயம்தான் என்று படுகிறது.

அன்றிலிருந்து ஒன்று என்னைக் குடைகிறது. மகனைப் பற்றி இத்தனை நூற்றாண்டாகப் பேசியிருக்கிறார்கள், அப்பனைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அரசனைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஆட்டின் சொந்தக்காரரிடம் யாராவது போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களா? நிச்சயம் யாராவது கேட்டிருப்பார்கள், உனக்கும் தெரிந்திருக்கும். உன் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசையாக இருக்கிறது. அந்த ராணுவக்காரரிடம் முதலில் கேள்.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் உன்னிடம் சொல்லவே கூடாது என்று மாமா என்னிடம் கெஞ்சினார். ஊர் முழுக்கத் தெரிந்தாலும் பரவாயில்லையாம், நீ மட்டும் தெரிந்துகொள்ளக் கூடாதாம். இந்த ஒன்றில் அவர் பேச்சை மீறிவிட்டேன். சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும்.

மாமாவைப் போனில் கூப்பிடு. உன் குரல் கேட்டதும் இதோ மாப்பிள்ளை என்று போனை என்னிடம் நீட்டுவார். நான் வாங்கமாட்டேன். என்ன நடந்தது என்று கேட்காதே, படிப்பு எப்போது முடியும் என்பதையும் நீயாகச் சொல்லாதே, உன் முகத்தைப் பார்க்க வேண்டிய நாளை எண்ணிப் பயப்படுவார். அவர் கேட்டால் மட்டும் சொல். சும்மா பேசிக்கொண்டே இரு, அவர் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும். இதைப் படித்து முடித்ததும் செய், நாளைக்கு என்று தள்ளிப்போடாதே.

என்றும் உன்,
வீட்டுக்காரன்