கமீஸ் கீழே வைத்த கோப்பை

1954 அக்டோபர் 4

புது லாரி பம்பாய்க் கப்பலில் வந்து இறங்கிவிட்டது. பழைய வண்டிகள் மணலில் படுத்துக்கொள்ளும் தொல்லை இனி இல்லை. என் ஊற்றுத் தண்ணீர் எண்ணெய்க் கம்பெனி முகாமுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். என் மனைவி மோஸா லாரியைச் சுற்றி ஊதுபுகை காட்டினாள். "கண்ணு பட்டுடும்" என்கிறாள். ஊரே உப்புத் தண்ணீரில் முகம் கழுவுகிறது, என் ஊற்று மட்டும் இனிக்கிறது. படாமல் என்ன செய்யும்?

அக்டோபர் 11

மோஸாவின் தம்பி கமீஸ் வந்திருந்தான். கம்பெனியில் குழாய் பொருத்துகிறவன், வாயாடி. காப்பி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டான். எங்கள் வழக்கத்தில், கோப்பையைக் கீழே வைக்கிறவன் ஏதோ கேட்க வந்திருக்கிறான். வீட்டுக்காரன் சரி என்னும்வரை தொடமாட்டான்; 'குடி' என்று சொல்லிவிட்டால் அது வாக்கு.

"சனிக்கிழமையிலேருந்து வேலைநிறுத்தம், மச்சான். பங்களாவுல துரைங்க உங்க தண்ணியில ஐஸ் போட்டுக் குடிக்கிறாங்க. எங்க கொட்டாய்ல உப்புத்தண்ணி. பிள்ளைங்களுக்கெல்லாம் வயித்துக்கடுப்பு. உங்க லாரி ஓடலைன்னா ஒரே வாரத்துல இறங்கி வருவாங்க. ஓட்டாதீங்க, அவ்வளவுதான்."

"கம்பெனி என்னை சும்மா விடுமாடா?"

"விடாது. சும்மா கிடைக்கிற விஷயத்துக்கு நான் ஏன் கோப்பையை வைக்கப் போறேன்?"

சிரித்துவிட்டேன். "குடிடா, ஆச்சு" என்றேன். ஒரே மடக்கில் குடித்தான். திரைக்கு அந்தப் பக்கம் மோஸா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அக்டோபர் 17

லாரிகள் வாசலில் நிற்கின்றன. ஓட்டுநர்கள் நிழலில் சீட்டாடுகிறார்கள். முகாமில் துரைசாணிகள் சோடாவில் பல் துலக்குகிறார்களாம்! சந்தையில் முன்பின் தெரியாத ஒருவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். நான் இவ்வளவு நல்லவனா?

அக்டோபர் 18

ஷேக்கின் ஆலோசகர் துரை கூப்பிட்டனுப்பினார். அரியணை ஷேக்குடையது, முத்திரையும் அவருடையதுதான்; ஆனால் எது நடக்கும், எது நடக்காது என்பது இந்த வெள்ளைக்காரரின் மேசையில் முடிவாகும். தேநீர் கொடுத்தார்.

"என்ன நாசிர், உன் லாரிக்கெல்லாம் ஒரே சமயத்துல உடம்பு சரியில்லையாமே?" நம் அரபு மொழியை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார்.

"வெயில் ஐயா" என்றேன். அக்டோபரில்!

"புதுத் துறைமுகத்துக்கும் தண்ணி வேணும். உனக்குன்னுதான் நினைச்சிருந்தேன். ஆமா, அந்த ஊத்து நிலம் ஷேக்கோட பாட்டனார் உங்க அப்பாவுக்கு வாய்வார்த்தையா குடுத்ததுதானே? பத்திரம் ஒண்ணும் இல்லையே?"

கோப்பையைக் கீழே வைத்தேன். கமீஸை ஒன்றும் செய்யாதீர்கள், லாரியை ஓட்டுகிறேன் — இதைக் கேட்கத்தான் வைத்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சர்க்கரை பத்தலையா?" என்று இன்னொரு கரண்டி போட்டார். இருபது வருஷமாக நம் வீடுகளில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற மனிதர். தெரியாதா அவருக்கு? தெரியும்.

எடுத்துக் குடித்தேன்.

அக்டோபர் 19

லாரிகள் போயின.

அக்டோபர் 22

வேலைநிறுத்தம் உடைந்தது. முகாமுக்குத் தண்ணீர் வந்ததைப் பார்த்ததுமே பாதிப் பேர் வேலைக்குத் திரும்பிவிட்டார்களாம். கமீஸையும் இன்னும் சிலரையும் கப்பலேற்றிவிட்டார்கள். எந்தத் தீவுக்கு என்று யாரும் சொல்லவில்லை.

"நான் ஓட்டலைன்னா வேற எவனாவது ஓட்டியிருப்பான்டி" என்றேன் மோஸாவிடம்.

"வேற எவன்கிட்டயும் அவன் கோப்பையை வைக்கலையே."

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஏன் குடின்னு சொன்னேன்? முடியாதுடா, எனக்குப் பயமா இருக்குடான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே! அவன் வேற வழி பாத்திருப்பான். என்னை நம்பித்தானே இறங்கினான் — பாவி.

1955 மார்ச் 2

துறைமுகத் தண்ணீர் ஒப்பந்தம் கைக்கு வந்தது. மோஸா எந்த வண்டிக்கும் ஊதுபுகை காட்டவில்லை.

செப்டம்பர் 20

தொழிலாளர் கொட்டாய்களுக்கும் கம்பெனி நல்ல தண்ணீர்க் குழாய் போடுகிறது, என் ஊற்றிலிருந்து. கமீஸ் கேட்டது எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. அவன் எங்கே உட்கார்ந்து எந்தத் தண்ணீரைக் குடிக்கிறானோ.

1956 மே 10

பெருநாளை முன்னிட்டு ஷேக் மன்னிப்பு அளித்திருக்கிறார். கமீஸ் வருகிறான்! அவன் என்ன கேட்டாலும் கொடுப்பேன். லாரி கேட்டால் லாரி. ஊற்றில் பாதி கேட்டாலும் சரி. கோப்பையை அவன் வைத்ததுமே, கேட்பதற்கு முன்பே, "குடிடா, ஆச்சு" என்று சொல்லிவிட வேண்டும்.

மே 12, பெருநாள்

வந்தான். இளைத்துப் போயிருக்கிறான், முன்பல் ஒன்று இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு பெருநாள் வாழ்த்துச் சொன்னான். பேரீச்சம்பழம் வைத்து, வேலைக்காரனை விலகச் சொல்லிவிட்டு நானே காப்பி ஊற்றிக் கொடுத்தேன். வைடா, கீழே வைடா என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

வாங்கிய கையோடு குடித்துவிட்டான். போதும் என்று கோப்பையை ஆட்டித் திருப்பித் தந்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தறேன்டா" என்றேன்.

"வேணாம் மச்சான். காப்பி நல்லாருந்துச்சு."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. எழுந்து அக்காவைப் பார்க்க உள்ளே போனான். வெகு நாளைக்குப் பிறகு மோஸா சிரிப்பது கேட்டது. நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கேட்க அவனுக்கு ஒன்றுமே இல்லை.