கிடார் இல்லாத ஆல்பம்

மதிப்பிற்குரிய ராக் ரசிகருக்கு,

இந்த வருஷத்தின் சிறந்த பத்து ராக் ஆல்பங்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் நீ போட்ட பட்டியலைப் படித்தேன். அங்கேயே பதில் எழுதினால் உன் மானம் போகும். இன்னும் என் புருஷனாக இருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

பத்தும் எவனோ எழுதியதைப் பார்த்துக் காப்பியடித்தவை. அது போகட்டும். கடைசியில் மோசமான ஆல்பம் என்று ஒன்றைப் போட்டு, "வெறும் டிரம்ஸு, கிடாரே இல்ல, ஒரே பேஜாரு" என்று தீர்ப்பு வேறு சொல்லியிருக்கிறாய்.

அறிவு கெட்டவனே, அதை நீ எங்கே கேட்டாய்? தேர்வாய் கண்டிகைக்கு வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், என் இயர்போனில் ஒரு பக்கத்தை வாங்கி மாட்டிக்கொண்டு கேட்டாய். டிரம்ஸ் உன் காதில் இருந்தது. கிடார் முழுக்க என் காதில் இருந்தது. "உன் பக்கம் இன்னா கேக்குது?" என்று கல்யாணமான இந்த எட்டு மாசத்தில் ஒரு நாளாவது கேட்டாயா?

நீ கோபித்துக்கொண்டு ஊத்துக்கோட்டைக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து, இரண்டு பக்கத்தையும் நானே மாட்டிக்கொள்கிறேன். எல்லாம் சேர்ந்து தெளிவாகக் கேட்கிறது.

நீ எழுதியதைவிட மோசமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஜன்னலோர சீட்டுக்காரி