கிணற்றடியில் விழுந்தவள்

ஒரகடம்
12.1.2024

அன்புள்ள தவமலருக்கு, கன்னியப்பன் சொல்ல, மகன் வசந்தகுமார் எழுதுவது.

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்கு முந்தின வருஷம் அது. எங்கள் செவலைப் பசு இரட்டைக் கன்று போட்ட வருஷம். அந்த ஆடியில்தான் நீ இங்கே அகதி முகாமுக்கு வந்தாய். வாட்ச்மேனாக இருந்த நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன். கையில் நீலப் பை, காலில் செருப்பு இல்லை. எதையும் மறக்கவில்லை.

உன் அண்ணி அம்சவல்லி போய் ஆறு வருஷம் ஆகிறது. பேத்திக்கு வரன் பார்க்கிறோம். சாட்சி சொல்லவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். "இன்னா சாட்சிப்பா?" என்று மகன் கேட்கிறான். ஒன்றுமில்லை என்றேன். சொந்த ஊருக்குத் திரும்பி நல்லபடி இருக்கிறாய். அப்படியே இரு, அம்மா.

கன்னியப்பன்


கிளிநொச்சி
3.2.2024

அன்புள்ள அண்ணா,

அண்ணி போன செய்தி படித்து அழுதேன். என் தலையை மடியில் வைத்திருந்தவர் அல்லவா.

நான் நல்லபடி இருக்கிறேன் என்று யார் சொன்னது? நாங்கள் ஏழு பெண்கள் விசாரணைக் குழுவுக்குப் போனோம். சோதனைச்சாவடியில் நடந்ததை முப்பத்துமூன்று வருடம் கழித்து வாய்திறந்து சொன்னேன். நான் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த உங்கள் ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டையே நீட்டி, "கிணத்தடியில விழுந்த காயம் எண்டெல்லோ இருக்கு? இண்டைக்கு ஏன் மாத்திச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டார்கள்.

அண்ணா, டொக்டரிடம் அன்று நான் வாயே திறக்கவில்லை. விழுந்தாள் என்றது நீங்கள். கீழே இருப்பது உங்கள் கைநாட்டு. கோபமில்லை. ஆனால் என்னைப் பொய்க்காரி என்று எழுதிக் கோப்பை மூட விடாதீர்கள். மார்ச் முடியும்வரைதான் தவணை.

தங்கை தவமலர்


ஒரகடம்
20.2.2024

தங்கச்சி தவமலருக்கு,

இதை எழுதுவது மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் மஞ்சுளா. கம்பெனியில் வேலை. மகன் முன்னால் அந்த விஷயம் என் வாயில் வரவில்லை. உன் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு வாரம் கூட்ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

படித்துவிட்டு மஞ்சுளா, "இன்னா தாத்தா, பொய் சொன்னது நீயா?" என்றாள்.

"அந்தப் பொண்ணு மானம் போயிடுமேன்னு..."

"அவளைக் கேட்டியா?"

கேட்கவில்லை.

"சரி, சொல்லு. ஷிப்ட் பஸ் வந்துடும்."

சொன்னேன். "மூணு பேரு கெடுத்துட்டாங்க" என்றதும் பேனாவை வைத்துவிட்டாள். "அவ ஒண்ணும் கெட்டுப்போல. அவனுங்க பண்ணதைச் சொல்லு."

இதைக் குழுவிடம் கொடு. முகாமுக்கு வந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை, இலங்கையில் சோதனைச்சாவடியில் வைத்து மூன்று சீருடைக்காரர்கள் தன்னைப் பலாத்காரம் செய்ததாகத் தவமலர் என்னிடமும் என் மனைவியிடமும் சொன்னாள். முதுகில் பூட்ஸ் தடத்தை அம்சவல்லி பார்த்தாள். கிணற்றடியில் விழுந்தாள் என்று டாக்டரிடம் சொன்னவன் நான். "விழுந்த காயம் மாதிரி இல்லியேண்ணா" என்றாள் நர்சு கங்கம்மாள். "அப்பிடியே எழுதும்மா" என்று கைநாட்டு வைத்தேன். அது பொய். இன்று கீழே வைக்கும் கைநாட்டு நிஜம்.

மகனுக்குத் தெரிந்தால் தெரியட்டும். பேத்தியைப் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் அவர்களிடமும் சொல்வேன். குழு போனில் முகம் பார்த்துக் கேட்டாலும் சொல்வேன்.

டாக்டர் செத்துவிட்டார். கங்கம்மாளைத் தேடி மணிமங்கலம் போனேன். போன தையில் போய்விட்டாளாம். அம்சவல்லி இல்லை. அந்த ஆஸ்பத்திரி அறையில் உன்னோடு இருந்தவர்களில் உயிரோடு மிச்சம் இருப்பவன்,

கன்னியப்பன்