உப்புத்தாள் தேய்த்த வண்டி

28.9.2025, ஞாயிறு

உப்பளத்தில் இந்த வருட வேலை முடிந்தது. இனி மழை விட்டு, தை பிறந்த பிறகுதான் பாத்தி கட்டுவார்கள்.

டி.வி.எஸ். எக்செல் வண்டியை வாசலில் சாய்த்துப் போட்டு உப்புத்தாளால் துருவைத் தேய்த்தேன். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான். ஆயுத பூஜைக்கு முன் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயின்ட். விட்டால் உப்பு இரும்பைத் தின்றுவிடும். இந்த முறை கூடுதலாகவே தேய்த்தேன். வண்டிக்குப் பதினைந்து வருடம் ஆகிறது, நவம்பரில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். பார்க்கிற அதிகாரிக்குப் பளிச்சென்று இருக்க வேண்டாமா?

என் வீட்டுக்காரர் பரத், லாரி ஓட்டக் கிளம்பும்போது பார்த்துவிட்டு, "இன்னா, வண்டிய பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார்.

சிரிக்கட்டும். வண்டி இல்லாவிட்டால் எனக்கு முதலாளியின் லோடு வேன்தான். விடியுமுன் ஏற்றிப் போகும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தாலும், சாயங்காலம் மூட்டை ஏற்றிய பிறகுதான் திரும்பும். வண்டி இருப்பதால் கை கழுவியதும் நானும் கூட வேலை செய்யும் கொளஞ்சியும் கிளம்பிவிடுவோம். மேஸ்திரி தட்சணாமூர்த்திக்கு அதில் தனி எரிச்சல்.

1.10.2025

வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மகாராணி மாதிரி நிற்கிறது.

11.11.2025, செவ்வாய்

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். ஹெல்மெட், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சரியாக இருந்தது. அதிகாரி, வண்டியின் இரும்புச் சட்டத்தில் சேசிஸ் நம்பர் பொறித்திருக்கும் இடத்தில் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்தார். பேப்பர்தான் கறுத்தது, ஓர் எண்ணும் விழவில்லை.

"நம்பர் எங்கம்மா?"

"பெயின்ட்டுக்கு அடியில இருக்கும் சார்."

பெயின்ட்டைச் சுரண்டினார். இல்லை.

"தேய்ச்சது யாரு?"

"நான்தான் சார். துருவுக்காக."

"திருட்டு வண்டியைத்தாம்மா இப்படித் தேய்ப்பாங்க."

என் பேர்ல எத்தன வருஷமா ஓடுது! நான் திருடியா? என்ஜின் நம்பர் இருக்கே என்றேன். ரெண்டும் இருக்கணுமாம், சட்டமாம். உப்பு தின்னக் கூடாதுன்னு தேய்ச்சேன் — நானே தின்னுட்டேன்.

மறுபடி நம்பர் பொறிக்கலாமாம். அதற்குத் திருட்டு வண்டி இல்லை என்று போலீஸில் எழுதி வாங்க வேண்டும். வண்டியை முதலில் வாங்கியவரும் வந்து சொல்ல வேண்டும்.

19.11.2025

முதலில் வாங்கியவர் கீழ்புத்துப்பட்டு ஆதிமூலம். அவரிடம்தான் நான் பழைய வண்டியாக வாங்கினேன். போனால், அவர் செத்து மூன்று வருடமாம். "எங்களுக்கு எதுக்கும்மா வம்பு?" என்று மருமகள் கதவைச் சாத்திவிட்டாள்.

4.12.2025

ஸ்டேஷன். நாளைக்கு வரச் சொன்னார்கள்.

5.12.2025

எழுத்தர் லீவு.

8.1.2026, வியாழன்

போனால் போகிறது என்று, ஆர்.சி. முடிந்த வண்டியையே எடுத்தேன். ஈ.சி.ஆர். ஏறியதும் போலீஸ் பிடித்துவிட்டார்கள். நல்லவேளை, எச்சரித்து அனுப்பினார்கள். அடுத்த முறை வண்டி ஸ்டேஷனோடு சரியாம். குடித்துவிட்டுப் பறக்கிறவனெல்லாம் போய்க்கொண்டிருக்கிறான். ஹெல்மெட் போட்டுப் பொறுமையாகப் போகிற நான் குற்றவாளி. தள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

2.2.2026, திங்கள்

அளம் திறந்தாயிற்று. வேனில் போனோம். வேலை முடிந்தும் ஷெட் நிழலில் சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். "ஜெயில்ல போட்டா மாதிரி இருக்குதுக்கா" என்றாள் கொளஞ்சி.

15.2.2026

வண்டியை மேஸ்திரியிடம் ஒப்படைத்தேன். அளத்துக்குள் வரப்பில் ஓட்ட யாரும் ஆர்.சி. கேட்க மாட்டார்கள். "வூட்ல நின்னு துருப் புடிக்கிறதுக்கு இங்க தண்ணி கேனாவது தூக்கட்டும்" என்று அவர்தான் சொன்னார். நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் எரிகிறது.

3.3.2026, செவ்வாய்

பள்ளியிலிருந்து போன். மகள் ஷாலினிக்குக் கடுமையான ஜுரம், உடனே வந்து அழைத்துப் போகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் லாரியில் நெல்லூர் பக்கம். வேன் வரச் சாயங்காலம் ஆகும்.

மேஸ்திரியிடம் ஓடினேன். "அண்ணே, வண்டியக் கொஞ்சம் குடுங்கண்ணே."

"எங்க போற?"

சொன்னேன்.

"எப்ப வருவ? ரோட்டுல புடிச்சா யாரு பதில் சொல்றது?"

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், பிடித்தால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, "சீக்கிரம் வந்துடு, தண்ணி கொண்டாரணும்" என்று நீட்டினார்.

"ரொம்ப தேங்க்ஸ்ண்ணே" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.