இன்னொருத்தியின் இரண்டு வரிகள்

உன் அம்மா நேற்று உன் மடிக்கணினிப் பையை என்னிடம் கொடுத்தார். திறந்ததும் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் வாசம். உங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு அடுத்ததே தோட்டத்துப் புகையறை என்பதால் உன் உடுப்பு, தலைமுடி, புத்தகம் எல்லாவற்றிலும் அது இருக்கும். கொழும்பு கம்பஸில் நீ அதற்காகக் கூச்சப்பட்டதே இல்லை. கூச்சமெல்லாம் எனக்குத்தான். நீ போய் எட்டு மாதமாகிறது.

படிப்பு முடிந்து யட்டியாந்தோட்டைக்குத் திரும்பி நாம் சேர்ந்து எடுத்த முதல் வேலை அது. கர்ப்பிணிகளின் கிளினிக் அட்டையைப் போனில் படம் எடுத்தால் கையெழுத்தை வாசித்துப் பதிவு செய்யும் மென்பொருள். வாசிக்கும் பகுதியை நாம் எழுதவில்லை. பல நாட்டவரும் இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு மெஷின் லேர்னிங் லைப்ரரியை, அதாவது ஆயத்தமான நிரல் தொகுப்பை, எடுத்துக்கொண்டோம்.

தோட்டத்து மருந்தகத்தில் பரீட்சித்துப் பார்த்த அன்று சிக்னல் மோசம். ஒரு படம் பாதிதான் வந்து சேர்ந்தது. லைப்ரரியோ அது முழுப் படம் என்று நம்பி, கணினியின் நினைவகத்தில் அதற்கு அப்பால் கிடந்ததையும் சேர்த்து வாசித்துவிட்டது. அங்கே கிடந்தது முந்தைய அட்டை. ஒருத்தியின் பெயருக்குக் கீழே இன்னொருத்தியின் இரண்டு வரிகள். அவள் கணவனிடம்கூடச் சொல்லியிராத ஒரு பரிசோதனை முடிவு. பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். நீ சட்டென்று கணினியை மூடினாய்.

வெளியே வந்ததும் நான், "அந்த ஒரு படத்த அழிச்சிட்டா சரிதானேடி. அடுத்த கெழம தோட்டத்துத் தொரைக்குக் காட்டணும்" என்றேன்.

"நம்ம லயத்துல ஒரு பேச்சு எவ்வளவு நேரத்துல பரவும்னு ஒனக்குத் தெரியாதா? நம்மளுக்கே இப்படின்னா, இந்த லைப்ரரிய வச்சிருக்கிற மத்த எடத்துல?"

நீயே மருந்தகத்தில் போய் உண்மையைச் சொன்னாய். திருத்தும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை, வேலை வேறு ஆட்களுக்குப் போனது. நான்கு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் நீயே எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாய்.

"கோவமா?"

"இல்ல."

"பொய். ஹரி, தேத்தண்ணி ஊத்துடி."

லைப்ரரியை எழுதியவர்களுக்குத் தனியாக அறிவித்தாய். தவறைக் காட்ட ஒரு கோப்பு கேட்டார்கள். உண்மையான அட்டை எதையும் அனுப்ப மாட்டேன் என்று, இல்லாத பெண்களின் பெயரில் பத்து அட்டைகளை உன் கையாலேயே எழுதினாய். ஒருத்திக்கு என் பெயரை வைத்து, "ஒனக்கு ரெட்டப் புள்ள" என்று சிரித்தாய்.

திருத்தம் வெளியாவதற்குள் டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. திருத்தத்தோடு வந்த அறிவிப்பின் கீழே, தவறைக் கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். உன் பெயர், அடுத்து என் பெயர். என் பெயரையும் நீதான் கொடுத்திருக்கிறாய். பஸ்ஸில் வைத்து அதைப் படித்தேன். பக்கத்து சீட்டிலிருந்த சிங்கள அம்மா நான் அழுவதைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன மாதம் புது வேலையில் இதே மாதிரி ஒரு தவறு கண்ணில் பட்டது. "நாளைக்கு வெளியிட முடியாது" என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நீ சொன்னது சரியென்று அன்றைக்கே எனக்குத் தெரியும். முதல் வேலை போய்விடுமே என்ற பயம்தான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. தவறைக் கண்டால் பயந்துகொண்டேதான் சொல்கிறேன், ஆனால் சொல்லிவிடுகிறேன்.