பட்டை கழலாத ஹெல்மெட்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பியும் வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறோம், உடம்பில் குறை ஒன்றும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் தொடுகிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நீ அப்பா என்று ஆரம்பித்ததும் அழுகிறாய், நீ அழுததும் நானும் அழுகிறேன், கடைசியில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திவிட்டு வைத்துவிடுகிறோம், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. தம்பியை வைத்துக்கொண்டு பேச முடியாத பேச்சும் கொஞ்சம் இருக்கிறது. என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், புள்ளியும் காலும் விட்டுப்போன இடத்தில் நீயே போட்டுப் படித்துக்கொள்.

போன தடவை விக்கி விக்கிச் சொன்னாயே, "அப்பாவுக்குக் கையுறை அனுப்புன நேரத்துல ஒரு நல்ல ஹெல்மெட் அனுப்பியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாரேம்மா" என்று, அது என் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அன்றைக்கு நடந்தது முழுசாய் உனக்குத் தெரியாது, நீ வந்து சேர்ந்தபோது சொல்கிற நிலைமையில் யாரும் இல்லை. மலையடிக் கிளினிக்குகளில் எடுத்து வைத்திருந்த ரத்த டியூபுகளை எல்லாம் பெட்டியில் அடுக்கி, பின்சீட்டில் கட்டிக்கொண்டு, எப்போதும் போல லேபுக்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார். பொழுது சாய்கிற நேரம், மரங்கள் நெருங்கி வரும் அந்த வளைவு. பக்கத்திலே டயருக்குக் காற்றடிக்கிற பஞ்சர் கடைக்காரர் கண்ணால் பார்த்தவர், அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். முதலில் ஒரு பெரிய காட்டுப்பன்றி ரோட்டைத் தாண்டியிருக்கிறது. அப்பா வேகத்தைக் குறைத்து அதற்கு வழி விட்டிருக்கிறார். அது அந்தப் பக்கம் போய் மறைந்ததும், சரி போய்விட்டது என்று வண்டியை முறுக்கிவிட்டார். அது முன்னால் போகிறது, குட்டிகள் பின்னால் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. குட்டிகள் வரிசையாய் ஓடிவர, அதற்குப் பின்னால் இன்னொரு பெரிய பன்றி புதரிலிருந்து பாய்ந்து முன்சக்கரத்தில் வந்து விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். பன்றி எழுந்து போய்விட்டது, இவர் எழுந்திருக்கவில்லை.

உன் கையுறையைப் பற்றிச் சொல்கிறேன் கேள். அவர் கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு அனுப்பச் சொன்னாயே, அந்தக் கோட்டின்படி வாங்கி அனுப்பினாயே, கைக்கு மேல் இன்னொரு தோல் போல ஒட்டிக்கொண்டிருக்கும் அது. ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றினார்கள். முழங்கையும் முட்டியும் சட்டை பேன்ட்டோடு சேர்ந்து தேய்ந்து பார்க்க முடியாமல் இருந்தது. கை இரண்டிலும் ஒரு சிராய்ப்பு இல்லை. கையுறையின் உள்ளங்கைப் பக்கம்தான் சொரசொரவென்று தேய்ந்துபோயிருந்தது, உள்ளே கை அப்படியே, காலையில் என்னிடம் டிபன் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போன கை. கடைசியாக அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே தொட்டாலும் அவருக்கு வலிக்குமோ என்று பயமாக இருந்தது, கையை மட்டும் பயமில்லாமல் பிடித்துக்கொள்ள முடிந்தது. நீ அனுப்பினது வீணாகப் போனது என்று இனிமேல் ஒரு தரம்கூடச் சொல்லாதே.

ஹெல்மெட் விஷயம் வேறு. அது கொஞ்சம் தள்ளி வாய்க்கால் ஓரத்தில் கிடந்திருக்கிறது, தாடைப் பட்டை மாட்டினது மாட்டினபடி. பஞ்சர் கடைக்காரர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்து, "பூட்டு பூட்டின மாதிரியே இருக்கும்மா, தலை மட்டும் வெளிய வந்திருச்சு, எனக்கே புரியல" என்றார். துக்கத்துக்கு வந்தவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உன் அத்தை, "எங்கண்ணனுக்கு நேரம் வந்திருச்சு, இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டியிருந்தாலும் உசுரு நிக்காது" என்று அழுதாள். அழுகிறவளிடம் என்ன சொல்ல. ஆனால் தம்பி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டான். அப்பா பார்த்த வேலையை லேபில் அவனுக்கே கொடுத்துவிட்டார்கள், அது தெரியும் உனக்கு. தெரியாதது என்னவென்றால் அதே ரோட்டில், அதே வண்டியில், அதே பெட்டியைக் கட்டிக்கொண்டு, வெறுந்தலையோடு போய்க்கொண்டிருந்தான். போலீஸ் நிற்கிற இடம் வரைக்கும் மட்டும் ஏதோ ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வான், தாண்டினதும் கழற்றிக் கைப்பிடியில் தொங்கவிடுவான். நான் கேட்டால், "அப்பா போட்டுக்கிட்டுத்தானே போனாரு, என்னத்தக் காப்பாத்துச்சு?" என்பான். சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிடுவான். அவன் போனதிலிருந்து திரும்பி வருகிற வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்று எழுத எனக்குப் படிப்பு போதாது.

சலவைக் கம்பெனியில் என்னோடு படுக்கை விரிப்பு மடிக்கிற நெட்டை இருக்கிறாளே, அவளிடம்தான் சொல்லி அழுவேன். அவள் ஆகாசத்தில் இரண்டு முனையைப் பிடிக்க, நான் பாதாளத்தில் இரண்டு முனையைப் பிடிக்க, விரிப்பு எப்போதும் சரிவாகத்தான் நிற்கும், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சறுக்குமரம் விளையாடலாம்" என்பார் சூப்பர்வைசர். நான் திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் அவள் முழங்காலை மடக்கி என் உயரத்துக்குக் குனிந்தே சாயங்காலம் வரை மடித்தாள். அவள்தான் சொன்னாள், "கத்தாதடி, அவன் காதுல ஏறாது. நீ வாயத் திறக்கறதுக்குள்ள அவன் தெருமுனை தாண்டிருவான். அவன் கேக்கறதுக்குப் பதில் இருந்தா சொல்லு, இல்லன்னா சும்மா இரு." அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதானே என் கஷ்டம்.

அந்த ஹெல்மெட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு லீவு நாள் ஒட்டடை அடிக்கும்போது எடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. எடுத்தவள் எங்கே வைப்பது என்று தெரியாமல் என் தலையிலேயே வைத்துக்கொண்டேன், கிறுக்கு என்று சிரிக்காதே, உள்ளே அவர் தலை வாசனை இருந்தது. அவர் மாட்டுவது போலவே பட்டையையும் மாட்டினேன். துடைப்பத்தை எடுக்கக் குனிந்தேன். ஹெல்மெட் முன்னால் உருண்டு, பட்டை கழலாமலே, என் காலடியில் விழுந்தது. எடுத்து மறுபடியும் மாட்டிக் குனிந்தேன், மறுபடியும் விழுந்தது. நம் வீட்டில் எதை அளவு பார்த்து வாங்கியிருக்கிறோம், சொல். உனக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கினால் முன்னால் காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டு டக்டக்கென்று நடப்பாய், குதிரை வருகிறது என்று அப்பா எழுந்து ஓரமாய் நிற்பார். தம்பி சட்டையில் அடுத்த வருஷத்துத் தம்பியும் சேர்ந்து நுழையலாம். அதே போலத்தான் ஹெல்மெட்டும். அவருக்கும் ஆகவேண்டும், தம்பிக்கும் ஆகவேண்டும், எப்போதாவது வண்டி கேட்கிற உன் அத்தை வீட்டுக்காரருக்கும் ஆகவேண்டும் என்று இருப்பதிலேயே பெரிதாய் வாங்கி, உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டார். அவருக்கு அது கெட்டிக்காரத்தனம். நமக்கும் அப்படித்தான் பட்டது. வீட்டில் எல்லாருக்கும் ஆகிற பொருள் என்றால் நமக்கு ஒரு பெருமை.

தெரிந்துவிட்டது, ஆனால் இவனிடம் எப்படிச் சொல்வது, உங்கப்பா பெரிய அளவு வாங்கிவிட்டார் என்று செத்த மனுஷன் மேல் பழி போடுகிற மாதிரி ஆகிவிடுமே என்று கொஞ்ச நாள் தள்ளிப்போட்டேன். ஒரு சாயங்காலம் தம்பி சாப்பாட்டு மேசையில் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். உள்ளே மெத்தென்று ஒரு தட்டு, டியூபுக்கு ஒன்றாகக் குழி குழியாய் இருக்கும். அவ்வளவு பெரிய அடியில் அப்பாவின் பெட்டியில் ஒரு டியூப்கூட உடையவில்லை என்று லேப்காரர்கள் சொன்னார்கள் அல்லவா. இப்போது குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கிற சின்ன டியூப் வருகிறதாம், அதைக் குழிக்குள் வைத்து, பஞ்சைத் திணித்து, காதருகில் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். லொடலொடவென்றது. "பஞ்சு வச்சும் ஆடுதேடா" என்றேன். "பஞ்சு நிக்காதும்மா, ஒரு குலுக்கு குலுக்கினா மேல வந்திரும். சின்னக் குழி போட்ட தட்டு கேட்டிருக்கேன். இடம் மிச்சம் இருந்தா உடைஞ்சிரும்" என்றான். ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து வந்து, அந்தத் துண்டையும் உள்ளே வைத்து, அவன் தலையில் போட்டுப் பட்டையை மாட்டினேன். "என்னம்மா பண்றே" என்றான். பின்னாலிருந்து ஒரு கையால்தான் தள்ளினேன். அவன் தலையை விட்டு அது மடியில் போய் விழுந்தது, பட்டை மாட்டினபடி. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவ்வளவுதானாம்மா?" என்றான். அப்பாவைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட அழாதவன், மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதான் பார், பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை, முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். இத்தனை நாள் அவன் கோபம் எல்லாம் ஹெல்மெட் மேல் என்று நினைத்தேன், அவனுக்கும் என்னைப் போலப் பதில் கிடைக்காத ஏக்கம்தான்.

மறுநாளே கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் அவன் புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றி அளந்துவிட்டு ஒன்றைக் கொடுத்தார், உள்ளே போவதற்கே காதைப் பிடித்து இழுத்தது. "கழுத்தை ஆட்டு தம்பி, ஹெல்மெட் தனியா ஆடக்கூடாது, தலையோட சேந்துதான் ஆடணும்" என்றார். கன்னம் இரண்டும் பிதுங்கி உதடு முன்னால் வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்து, "மீன் மாதிரி இருக்கேனாம்மா?" என்றான். கெளுத்தி மீன் மாதிரி இருக்கே என்றேன். நாங்கள் இரண்டு பேரும் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று. நான் ஒரு தரம் மாட்டிப் பார்த்தேன், என் கொண்டையிலேயே தட்டி நின்றுவிட்டது. முழங்கையில் மெத்தை வைத்துத் தைத்த சட்டையும் முட்டிக்குக் கட்டுகிற காப்பும் லேபில் எழுதிக் கேட்டிருக்கிறான், மேலாளர் அம்மா எல்லாருக்கும் அவரவர் அளவில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அந்த வளைவு வந்தால் மெதுவாகப் போகிறான், ஒன்று தாண்டினால் அடுத்ததற்கும் நிற்கிறான். இத்தனை இருந்தும் பயம் போய்விட்டதா என்றால் இல்லை. பன்றிக்கு என்ன தெரியும், அது அதன் குட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறது.

நீ அனுப்பின போட்டோவில் மாப்பிள்ளை வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கிறாய். உன் தலையில் இருப்பது அவருடைய பழையது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது, புருவத்தை மூடிக்கொண்டு நிற்கிறது. அவரிடம் நான் சொன்னதாகச் சொல், கோபித்துக்கொள்ள மாட்டார், தங்கமானவர். உன் தலைக்கு என்று ஒன்று வாங்கிப் போடு. வேறு யாருக்கும் ஆகாததாகப் பார்த்து வாங்கு.

இங்கே ஒரு சின்ன விஷயம்தான் எனக்குப் பழகவில்லை. உன் அப்பா வண்டியைக் கிளப்பினதும் வாசலில் நின்று பாத்துப் போங்க என்பேன், அந்தத் தொளதொள ஹெல்மெட்டுக்குள் அது கேட்கும், திரும்பாமலே இடது கையைத் தூக்கிக் காட்டுவார். தம்பியிடமும் சொல்கிறேன், அவனுக்குக் கேட்பதில்லை, காதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது அது. கையைத் தூக்காமல் போகிறான். முதல் நாள் முகம் வாடிப்போய் உள்ளே வந்தேன். இப்போது அவன் திரும்பிப் பார்க்காவிட்டால்தான் எனக்கு நிம்மதி, சரியாக மாட்டியிருக்கிறான் என்று கதவைச் சாத்துகிறேன். சாத்துவதற்கு முன்னால் உனக்கும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், நீயும் அங்கே அந்த நேரம்தான் கிளம்புவாய் என்று ஒரு கணக்கு. உனக்கும் கேட்காது என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும். அழுதுகொண்டே சாப்பிடாதே, சாப்பிட்டுவிட்டு அழு. ஹெல்மெட் வாங்கினதும் அதைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு, கன்னம் பிதுங்கியிருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா